வறண்ட குட்டையில் மீன் எங்கிருந்து வந்தது? ஓராண்டுக் கில்லி மீன்களின் உயிரியலும் வகைப்பாடும்

#1 கரிசல்மேடு

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், எருத்தேன்பதிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் நிலம் இருக்கிறது. அதன் தாழ்ந்த மூலையில் உள்ள குட்டை மாசிக் கடைசியிலேயே வற்றிவிட்டது. பங்குனி முதல் வைகாசி வரை மாடுகளை அதன் நடுவில்தான் கட்டியிருந்தோம். கரிசல் பாளம் பாளமாக வெடித்து, ஒரு வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை உள்ளே சென்றது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துப் பதினெட்டாம் நாள் குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அன்று மாலை குனிந்து பார்த்தபோது, விரல் நீள மீன்கள் ஏழெட்டு நீரின் மேற்பரப்பை ஒட்டி அசையாமல் நின்றன. ஒவ்வொன்றின் உச்சந்தலையிலும் சுண்ணாம்பால் பொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. என் நிழல் விழுந்ததும் நாலா பக்கமும் சிதறின.

“மண்ணுக்குள்ளேயே மீன் விதை கிடக்கும், மழை பெய்தால் முளைக்கும்” என்று எங்கள் அப்பாரு சொல்வார். ஆப்பிரிக்காவில் வறண்ட சேற்றுக்குள் முட்டையாகக் கிடந்து, மழை வந்ததும் பொரிந்து, சில மாதங்களிலேயே முட்டையிட்டுச் செத்துப்போகும் கில்லி மீன்கள் உண்டு என்று அண்மையில் படித்தேன். எங்கள் குட்டையில் கண்டதும் அந்த வகைதானா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

#2 நன்னீர்க் குறிப்பு

தம்பி, படம் இல்லாமல் இனத்தை அறுதியிட்டுச் சொல்லக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் சொல்லிவந்தவள் நான். ஆயினும் உச்சந்தலையின் வெள்ளைப் புள்ளியும் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் பழக்கமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நீங்கள் கண்டது தமிழில் முண்டக்கண்ணி என்றும் மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்றும் வழங்கும் அப்லோகைலஸ் பேரினத்து மீன். மானம் என்பது இங்கே வானம். வானம் பார்த்த பூமியில் வானம் பார்த்த மீன். உடலின் பின்பாதியில் குறுக்குப் பட்டைகள் இருந்தால், 1846இல் வாலென்சியென் பெயரிட்ட அப்லோகைலஸ் லினியேட்டஸாக இருக்கலாம். பட்டைகள் பெண் மீனில் அழுத்தமாகவும் ஆணில் மங்கலாகவும் தெரியும். முதுகுத் துடுப்பு வாலுக்கு மிக அருகில் தள்ளி இருக்கும். வாய் மேல்நோக்கித் திறக்கும். நீரில் விழும் பூச்சியையும் கொசுப்புழுவையும் பிடிக்க ஏற்ற அமைப்பு அது.

இதுவும் கில்லி மீன்தான். ஆனால் ஓராண்டு மீன் அன்று. இதன் முட்டைகள் ஒட்டும் இழைகளால் நீர்ச்செடிகளிலும் வேர்களிலும் பற்றிக்கொண்டு, சுமார் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். மூன்று மாதம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் அவை பிழைக்க மாட்டா. மேலும், முண்டக்கண்ணிக் குஞ்சு பதினெட்டு நாளில் விரல் நீளத்துக்கு வளராது. ஆகவே அவை வளர்ந்த மீன்களாகவே குட்டைக்குள் வந்திருக்க வேண்டும். உங்கள் குட்டைக்கு வாய்க்கால் தொடர்பு ஏதேனும் உண்டா?

#3 கரிசல்மேடு

அம்மா, வாய்க்கால் எதுவும் குட்டைக்குள் நேரடியாக விழவில்லை. மூலத்தறை வலக்கரைக் கால்வாயின் தண்ணீர் எங்கள் பக்கத்துக்கு வருவதும் வராததும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வளர்ச்சி வேகத்தை வைத்து நீங்கள் சொன்னதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஆப்பிரிக்க மீன் இரண்டே வாரத்தில் பருவமடைகிறது என்றல்லவா படித்தேன்?

#4 நன்னீர்க் குறிப்பு

படித்தது சரிதான். நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி என்ற அந்த மீன் மொசாம்பிக்கின் இயற்கைக் குட்டைகளில் பொரித்த 14 நாட்களிலேயே இனப்பெருக்க முதிர்ச்சி அடைகிறது என்று 2018இல் வெளியான கள ஆய்வு காட்டியது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இதைவிட விரைவாகப் பருவமடையும் ஒன்று அறியப்படவில்லை. ஆகவே பதினெட்டு நாள் என்ற கணக்கு மட்டுமே உங்கள் அப்பாருவின் கூற்றை முறியடிக்காது. எந்த மீனின் பதினெட்டு நாள் என்பதே கேள்வி. உச்சியில் வெள்ளைப் புள்ளி உள்ள மீனுக்கு அந்த வேகம் இல்லை.

#5 வரட்டாறு

நான் வேலந்தாவளத்தில் இருக்கிறேன். முதலில் ஒரு சிறு குறிப்பு: கில்லி என்றதும் நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்று சோழர் பக்கம் போய்விட வேண்டாம். சிற்றோடையைக் குறிக்கும் ‘கில்’ என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கொல்லும் மீன் என்று பொருள் கொள்வதும் பிழை.

இப்போது என் கேள்வி. இரண்டும் கில்லி மீன்கள், உறவினர்கள் என்கிறீர்கள். உறவினர் என்றால் பழக்கமும் ஒத்திருக்க வேண்டாமா? ஒன்று சேற்றில் முட்டையாகத் தூங்குகிறது, இன்னொன்றுக்கு அது தெரியாது என்றால், இவற்றை ஒரே கூட்டத்தில் வைத்தது எந்த அடிப்படையில்?

#6 நன்னீர்க் குறிப்பு

ஒரே தறிவீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் தறியில் உட்காருவதில்லை. ஊரில் தறி நெய்பவர்கள் எல்லாரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்களும் இல்லை. வகைப்பாடு பிறப்பைப் பார்க்கிறது, தொழிலைப் பார்ப்பதில்லை. கில்லி மீன்களின் வகைப்பாட்டில் நூறாண்டுக் குழப்பம் நேர்ந்ததற்கு இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதே பெரும்பங்கு காரணம் என்பது என் கருத்து.

சைப்ரினோடான்டிஃபார்மஸ் என்ற வரிசையில் கில்லி மீன்கள் மட்டுமல்ல, குட்டி போடும் கப்பியும் கம்பூசியாவும் அடக்கம். நம் நெல்வயல்களின் ஒரைசியாஸ் மீனையும் முன்பு இங்கேதான் வைத்திருந்தார்கள்; 1981இல் அது ஊசிமீன்களின் வரிசைக்கு மாற்றப்பட்டது. அதே 1981இல் லின் பரென்டி இந்த வரிசை முழுவதையும் எலும்பமைப்பின் அடிப்படையில் மறுசீராய்வு செய்து வெளியிட்டார். நாம் பேசும் கிளையை அவர் இரண்டாகப் பிரித்தார்: தென் அமெரிக்க, நடு அமெரிக்க மீன்கள் ரிவுலிடே குடும்பம், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், ஆசியா ஆகியவற்றின் மீன்கள் அனைத்தும் அப்லோகைலிடே குடும்பம். பழைய உலகம் ஒரு வீடு, புதிய உலகம் ஒரு வீடு. பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

1997இல் மர்ஃபியும் காலியரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஒப்பிட்டபோது அந்த நேர்த்தி குலைந்தது. ஆப்பிரிக்க மீன்களுக்கு மிக நெருங்கிய உறவு அட்லாண்டிக்குக்கு அப்பாலுள்ள தென் அமெரிக்க மீன்களே என்றும், இந்திய அப்லோகைலஸும் மடகாஸ்கர், செஷல்ஸ் தீவுகளின் பாக்கிபாங்காக்ஸும் அவை இரண்டுக்கும் முன்பே பிரிந்துபோன மூத்த கிளை என்றும் தெரிந்தது. அதனால்தான் இன்று ஆப்பிரிக்க மீன்களுக்கு நோத்தோபிராங்கிடே என்ற தனிக் குடும்பம் உள்ளது. அப்லோகைலிடே என்பது நம் பக்கத்து மீன்களுக்கும் மடகாஸ்கர் பக்கத்து மீன்களுக்கும் மட்டுமான பெயராகச் சுருங்கிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓராண்டு வாழ்க்கை கொண்ட மீன்கள் ஆப்பிரிக்கக் குடும்பத்திலும் தென் அமெரிக்கக் குடும்பத்திலும் மட்டுமே உள்ளன. அந்த இரு குடும்பங்களிலும்கூட எல்லா மீன்களும் அப்படி அல்ல. காட்டோடையில் ஆண்டு முழுதும் வாழ்பவை ஏராளம். ஆசியாவில் ஓராண்டுக் கில்லி ஒன்றுகூட அறியப்படவில்லை. இப்பழக்கம் ஒரே முறை தோன்றிப் பிறகு பல கிளைகளில் இழக்கப்பட்டதா, அல்லது பல கிளைகளில் தனித்தனியே தோன்றியதா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. கருவளர்ச்சியைப் பல இனங்களில் ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, சேற்றுத் தூக்கத்தின் முதன்மையான கட்டம் இரு கண்டங்களிலும் தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது என்ற பக்கமே சாய்ந்தது. ஆக, மேற்கு ஆப்பிரிக்காவின் கேலோபாங்காக்ஸும் கிழக்கு ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸும் ஒரே தொழில் செய்வதைக் கண்டு அவற்றை உடன்பிறப்புகள் என்று கொள்ள முடியாது.

#7 கண்ணாடித்தொட்டி

நன்னீர்க் குறிப்பு அம்மா மீன்களின் குடும்ப வரைபடத்தைச் சொல்லிவிட்டார். நான் முட்டையைப் பற்றிச் சொல்கிறேன். பாலக்காட்டில் ஆறாண்டுகளாக நோத்தோபிராங்கியஸ் குயென்தேரி வளர்க்கிறேன். இது சான்சிபார் தீவுக்கு உரிய மீன்.

முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான்; கேழ்வரகைவிடச் சிறியது. ஆண் மீன் பெண்ணை அடிமண்ணோடு அணைத்து, முதுகுத் துடுப்பை அவள்மேல் மடித்துப் பிடித்து, ஒரு நடுக்கத்தில் ஒரே ஒரு முட்டையைச் சேற்றுக்குள் புதைக்கும். இப்படி நாளுக்குப் பல தடவை. தொட்டியில் சேற்றுக்குப் பதிலாகப் பீட் பாசித் தூளை ஒரு டப்பாவில் இட்டு வைப்பேன். வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்துப் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பி, புட்டுக்கு நனைத்த மாவின் பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு நெகிழிப் பையில் கட்டித் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன். குயென்தேரிக்குச் சுமார் மூன்று மாதம். உருப்பெருக்கியில் பார்த்தால், முட்டைக்குள் பொன்வளையமிட்ட இரு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும்.

முதல் ஆண்டில் பொறுமை இல்லாமல் ஏழாம் வாரமே தண்ணீர் ஊற்றினேன். பொரித்தவற்றில் பாதிக்கு மேல் காற்றுப்பை நிரம்பாமல், தரையில் வயிற்றை இழுத்துக்கொண்டு தத்தின. அவை தேறவே இல்லை. வெறுப்பில் அந்தப் பீட்டைக் கொட்டிவிடப் போனேன், என் அக்காதான், “வைத்துப் பாரடா, இடம் என்ன அடைக்கிறது?” என்றாள். மறுபடி உலர்த்தி ஐந்து வாரம் கழித்து நனைத்ததில் இருபத்துமூன்று குஞ்சுகள் நல்ல நிலையில் வந்தன. ஒரே தாய், ஒரே வாரம் இட்ட முட்டைகள். ஆனால் ஒன்றின் கடிகாரம் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

#8 கரிசல்மேடு

எல்லா முட்டையும் ஒரே மழைக்கு ஏன் பொரிவதில்லை? பொரிந்தால் கூட்டம் பெருகுமே.

#9 நன்னீர்க் குறிப்பு

நீங்கள் மானாவாரி நிலக்கடலை போடுபவர் அல்லவா? முதல் மழைக்கே வீட்டிலுள்ள விதை முழுவதையும் இறைத்துவிட்டு, அடுத்த இருபது நாள் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பது எனக்குச் சொல்லத் தெரிவதைவிட உங்களுக்குத் தெரியும். கோடையில் ஒரு பொய்மழை பெய்து குட்டை நான்கு விரல் நிறைந்து, பத்தே நாளில் வற்றிவிட்டால், அன்று பொரித்த குஞ்சுகள் அனைத்தும் சாகும். மண்ணில் பின்தங்கிய முட்டைகளே அந்த வம்சத்தைக் காப்பாற்றும்.

இதற்கான ஏற்பாடு கருவளர்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. டயபாஸ் எனப்படும் வளர்ச்சி நிறுத்தம் மூன்று இடங்களில் நேரலாம். 1972இல் ஜான் வூர்ம்ஸ் அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டார். இவற்றில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது முதலாவது. மற்ற மீன்களில் கருச்செல்கள் மஞ்சள்கருவைப் போர்த்தும்போதே உடலின் அச்சு உருவாகத் தொடங்கிவிடும். ஓராண்டுக் கில்லியிலோ, உடலாக வேண்டிய செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து, மஞ்சள்கருவின் மேல் தனித்தனியே அலைகின்றன. தலை, வால், முதுகு என்று எதுவும் இல்லாத அந்நிலையில் கரு நாட்கணக்கில், வேண்டுமானால் மாதக்கணக்கில் நிற்க முடியும். பிறகே செல்கள் ஓரிடத்தில் திரண்டு உடல் கட்டத் தொடங்குகின்றன. வேறு எந்த மீனிலும் இப்படிக் காணப்படவில்லை. செல்கள் இன்ன உறுப்பு என்று பங்கு பிரிக்கப்படாமல் இருப்பதால், இந்நிலையில் சில செல்கள் அழிந்தாலும் மற்றவை ஈடுகட்ட முடியும் என்பது வூர்ம்ஸின் கருத்து.

இரண்டாம் நிறுத்தம் பாதி வழியில் வருகிறது. மூளை, கண், துடிக்கும் இதயம் எல்லாம் ஓரளவு அமைந்த கரு அப்படியே நிற்கும். இதயத் துடிப்பு மிகக் குறைந்துவிடும். மிக நீண்ட தூக்கம் இதுதான். வெனிசுவேலாவின் ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் லிம்னேயஸ் மீனின் கரு இக்கட்டத்தில் ஆக்சிஜனே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதே சமயம் எல்லாக் கருக்களும் இங்கே நிற்பதில்லை. சூடு மிகுந்திருந்தால் பெரும்பாலானவை இக்கட்டத்தைத் தாண்டி நேரே ஓடிவிடுகின்றன. மூன்றாம் நிறுத்தம், கண்ணாடித்தொட்டி தம்பி உருப்பெருக்கியில் பார்த்தது: முழு உருவம் அடைந்த குஞ்சு ஓட்டுக்குள் மழைக்காகக் காத்திருப்பது. நீர் நிறைந்து சுற்றிலும் ஆக்சிஜன் குறையும்போது அது ஓட்டைக் கரைத்து வெளிவருகிறது.

தூங்கிய காலத்துக்கு மீன் பின்னால் விலை கொடுக்கிறதா என்பது இயல்பாக எழும் கேள்வி. 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, ஃபர்சேரிக் கரு டயபாஸில் கழித்த நீண்ட நாட்கள் அதன் பிற்கால வளர்ச்சியையோ, கருவளத்தையோ, ஆயுளையோ குறைக்கவில்லை என்று காட்டியது. சில மாதமே வாழும் மீன், வாழப்போகும் நாட்களைவிட நீண்ட காலம் முட்டைக்குள் முதுமையின்றி இருக்க முடிகிறது. ஓராண்டு மீன் என்று நாம் சொல்வது உண்மையில் ஓராண்டு முட்டையைத்தான். நீந்தும் மீன் அந்த முட்டையின் இடைவேளை.

#10 வரட்டாறு

அந்த ஃபர்சேரி மீனை முதுமை ஆய்வுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இயற்கையிலேயே குட்டை வற்றிச் சாகும் மீனுக்கு முதுமை ஏது?

#11 கண்ணாடித்தொட்டி

அதைத்தான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் வற்றாமல் வைத்தாலும் அது முதிர்ந்தே சாகிறது. சிம்பாப்வேயின் கோனரெசோ காப்பகத்திலிருந்து வந்த வம்சம் சுமார் 12 வாரமே வாழ்கிறது என்று 2003இல் வெளியிட்டார்கள். என் குயென்தேரி அதைவிட நீண்ட நாள் வாழும். ஆனால் அதன் கிழத்தனத்தையும் கண்ணால் பார்க்கிறேன். எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் ஆணின் சிவப்பு வெளிறி, முதுகு கூனி, வயிறு ஒட்டி, தீனி விழும் இடத்துக்கு மற்றவற்றுக்குப் பின்னால் வந்து சேரும். ஃபர்சேரியின் மரபணுத் தொகுதி 2015இல் இரு குழுக்களால் வெளியிடப்பட்டது. மொசாம்பிக்கின் ஈரமான பகுதிகளிலிருந்து வந்த வம்சங்கள் கோனரெசோ வம்சத்தைவிடத் தெளிவாக நீண்ட ஆயுள் உடையவை. ஒரே இனத்துக்குள்ளேயே இந்த வேறுபாடு.

#12 செங்கோட்டைக்காரன்

எங்கள் பக்கத்துக் குளங்களில் இதே மீனை நானும் பார்த்திருக்கிறேன். கொக்கின் காலில் மீன் முட்டை ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். கரிசல்மேடு அவர்களின் குட்டைக்கும் அப்படி வந்திருக்கலாமே?

#13 நன்னீர்க் குறிப்பு

காலில் ஒட்டி வருவதற்கு நான் உறுதியான சான்று கண்டதில்லை. வயிற்றின் வழியே வருவதற்குச் சான்று உண்டு. பிரேசிலில் கொஸ்கொரோபா அன்னங்களுக்கு ஓராண்டுக் கில்லி முட்டைகளை ஊட்டிப் பார்த்தார்கள். சுமார் 1 விழுக்காடு முட்டைகள் செரிக்காமல் எச்சத்தோடு வெளிவந்தன, அவற்றில் கரு தொடர்ந்து வளர்ந்ததும் உண்டு. 2019இல் வெளியான செய்தி இது. ஆனால் அது வறட்சி தாங்கும் முட்டை. மேலும் பறவை முட்டையைக் கொண்டுவரலாமே தவிர, விரல் நீள மீன் ஏழெட்டைப் பதினெட்டு நாளில் கொண்டுவந்து விடாது.

#14 வரட்டாறு

குடும்பம் வரை புரிந்தது. இனத்தை எப்படிப் பிரிக்கிறார்கள்? நிறத்தை வைத்தா?

#15 கண்ணாடித்தொட்டி

நிறத்தை வைத்துத்தான் தொடங்கினார்கள். அதில்தான் வழுக்கியும் விழுந்தார்கள். நோத்தோபிராங்கியஸ் பேரினத்தில் இன்று 90க்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஆண்கள் பட்டுப் புடவைக் கடை போல இருக்கும். பெண்கள் எல்லாமே சாம்பல் கலந்த பழுப்பு. ஃபர்சேரியில் ஒரே இனத்து ஆண்களிலேயே மஞ்சள் வால், சிவப்பு வால் என இரு வடிவங்கள் உண்டு. ஆகவே நிறம் வேறு என்றால் இனம் வேறு என்று சொல்ல முடியாது.

எதிர்த்திசையிலும் தவறு நேர்ந்தது. மொசாம்பிக்கின் பெய்ரா பக்கத்து ரக்கோவி என்ற ஒரே இனமாக 1926 முதல் கருதப்பட்டு வந்ததை 2010இல் மூன்றாகப் பிரித்தார்கள்: ரக்கோவி, கிரிசானோவி, பியெனாரி. கண்ணுக்கு நெருங்கி ஒத்திருக்கும் இம்மூன்றின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாருங்கள்: ரக்கோவியில் 16, கிரிசானோவியில் 18, பியெனாரியில் 34. இதனால்தான் வளர்ப்பவர்கள் இனப்பெயரோடு நிறுத்தாமல், பிடித்த இடத்தின் குறியீட்டையும் தொட்டியில் ஒட்டி வைக்கிறோம். இரண்டு குட்டைகளின் மீன்களை ஒரே இனம் என்று நம்பிக் கலக்கக் கூடாது.

இதில் நான் பட்டதும் உண்டு. ஒரு விற்பனையாளரிடம் குயென்தேரி என்று வாங்கிய முட்டைகளில் வளர்ந்த ஆண்களில் மூன்றுக்குச் சிவப்பு வாலின் ஓரத்தில் கரும்பட்டை இருந்தது, இரண்டுக்கு இல்லை. கரும்பட்டை இல்லாத அவ்விரண்டும் பெருநிலப் பகுதியின் பால்ம்க்விஸ்டியாக இருக்க வேண்டும். ஆண்களைப் பிரித்துவிட்டேன். பதினான்கு பெண்களை என்ன செய்வது? எது எந்த ஆணுக்கு உரியது என்று சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் தொட்டியின் முட்டைகளை ஒருவருக்கும் கொடுக்காமல் அழித்தேன். விற்றவரிடம் கேட்டதற்கு, “அழகாகத்தானே இருக்கிறது?” என்று பதில் வந்தது.

#16 செங்கோட்டைக்காரன்

ஒரு யோசனை. நோத்தோபிராங்கியஸ் கொசுப்புழுவைத் தின்னும் என்றால், வற்றும் குட்டைகளில் அதை விட்டுவிடலாமே? ஆண்டுதோறும் புதிதாக விட வேண்டிய தேவையும் இராது.

#17 நன்னீர்க் குறிப்பு

தயவுசெய்து வேண்டாம். கொசுவுக்கென்று 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியாவைக் கொண்டுவந்து விட்டோம். அது கொசுப்புழுவோடு நிற்காமல் பிற மீன்களின் குஞ்சுகளையும் தவளைத் தலைப்பிரட்டைகளையும் தின்கிறது. அதே வேலையை நம் முண்டக்கண்ணி காசு வாங்காமல் செய்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோத்தோபிராங்கியஸ் வாழும் குட்டைகளின் அடியில் இருப்பது நீரில் வீங்கி வெயிலில் வெடிக்கும் கருங்களிமண். நம் கரிசலின் இனத்தைச் சேர்ந்த மண்தான். கேரளத்தில் கரிசல் இருப்பது சித்தூர் வட்டாரத்தில். அங்கே கோடையில் வற்றும் குட்டைகளும் உண்டு. அந்த மீனுக்கு நம் மண் பிடித்துப்போகக்கூடும் என்பதே என் அச்சம். பீட்டைக் கழுவிய தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று வளர்ப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

#18 கண்ணாடித்தொட்டி

ஏற்கிறேன் அம்மா. நான் கொதிநீர் ஊற்றிய பிறகே கொட்டுகிறேன்.

#19 கரிசல்மேடு

நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில் நான் இரண்டு வேலை செய்தேன். குட்டையின் நீர் ஏறாத மேல்விளிம்பிலிருந்து காய்ந்த கரிசல் பாளங்களை வெட்டி, ஒரு வாளியில் இட்டு, கொதித்து ஆறிய கிணற்று நீரை ஊற்றி, மேலே கொசுவலை கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் தூசி போல ஏதோ துடித்தது. அப்பாருவைக் கூப்பிட்டுக் காட்டினேன்; “பார்த்தாயா?” என்றார். பத்தாம் நாள் அவை அரை அங்குலம் ஆயின. மீன் அல்ல. மல்லாந்தபடி, வயிற்றுப் பக்கம் இரு வரிசை இலைபோன்ற கால்களை அலையலையாக அசைத்து நீந்துகின்றன. பச்சைப்பயறு அளவில் இரட்டை ஓடு கொண்ட வேறொன்றும் வந்தது. படம் இணைத்திருக்கிறேன்.

#20 நன்னீர்க் குறிப்பு

முதலாவது தேவதை இறால் என்ற, ஓடு இல்லாத சிறு நீர்வாழ் கணுக்காலி; இறாலின் தூரத்து உறவு. தென்னிந்தியாவின் வற்றும் குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோடோமஸ் என்ற இனம் நன்கு அறியப்பட்டது. உங்களுடையதும் அதுதானா என்பதை ஆணின் உணர்கொம்பைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். இரண்டாவது சிப்பி இறால். இரண்டின் முட்டைகளும் வறட்சி தாங்கும், அவையும் எல்லாம் ஒரே மழைக்குப் பொரிவதில்லை. அப்பாருவிடம் சொல்லுங்கள்: மண்ணில் விதை கிடக்கிறது என்றது சரி, அது மீன் விதை என்றதுதான் பிழை.

#21 வரட்டாறு

அப்படியானால் மீன்?

#22 கரிசல்மேடு

அதுதான் இரண்டாவது வேலை. குட்டையின் தென்மேற்கு மூலையில் ஊமத்தைப் புதருக்குள் ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கிறது. சாலை போட்டபோது வைத்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். பெருமழையில் சாலையோர ஓடையின் நீர் அதன் வழியே குட்டைக்குள் விழுகிறது. அந்த ஓடை கீழே போய்க் கால்வாயின் கிளையோடு சேர்கிறது. சென்ற வெள்ளியன்று இரவு மழை வலுத்தபோது குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டிவிட்டு வந்தேன். விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்ததில் பதினொரு மீன்கள்: ஒன்பது முண்டக்கண்ணி, இரண்டு அயிரை. ஒன்பதின் உச்சியிலும் புள்ளி. படத்தில் பட்டைகள் தெரியும். ஆறில் அழுத்தமாகவும் மூன்றில் மங்கலாகவும் உள்ளன. மலையாள நண்பர் ஒருவர், இது ‘ஊத்த’ ஏறும் காலம், புதுநீருக்கு எதிரே மீன் ஏறத்தான் செய்யும் என்றார். ஆனால் இவை நீரோடு இறங்கி வந்தவை போலத் தெரிகிறது. வலை குட்டைப் பக்கத்து வாயில்தான் இருந்தது.

மீன்களைக் குட்டையில் விட்டுவிட்டேன். வாளியை அப்பாரு கொட்டவிடவில்லை. “ஒரே மழைக்கு எல்லாம் முளைக்காது என்று நீயே சொன்னாய்” என்கிறார். தண்ணீரை இறுத்து, மண்ணை அப்படியே மாட்டுக்கொட்டகை மூலையில் காயவைத்திருக்கிறேன். ஐப்பசியில் இரண்டாம் முறை நனைக்கும்போது இங்கேயே எழுதுகிறேன்.